ஏலத்தில் எடுத்த எஸ்.எஸ்.டி.

ஒரு பொருளைப் பற்றி எவ்வளவுக்கு எவ்வளவு தெரிந்துகொள்கிறோமோ, அவ்வளவுக்கு அவ்வளவு அதை வாங்கும் திறமை குறைந்துபோகும். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. பாளையங்கோட்டையில், அறுப்பின் பண்டிகைப் பந்தலில், சபையார் அத்தனை பேர் முன்னிலையிலும் நின்றுகொண்டு கற்றுக்கொண்டேன்.

என் உத்தியோகத்தைச் சொல்லிவிட்டால் மீதி உங்களுக்கே விளங்கிவிடும். அரசு அலுவலகம் ஒன்றில் கொள்முதல் பிரிவு உதவியாளர். விளக்குமாறு வாங்குவதென்றாலும் மூன்று கடைகளில் கொட்டேஷன் கேட்டு, ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்து, யார் விலை குறைவோ அவருக்கு ஆணை அனுப்பும் பிரிவு அது. இந்தப் பழக்கத்தைச் சாயங்காலம் மேசையிலேயே பூட்டிவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அதை வீட்டுக்கும் கூட்டிக்கொண்டு வருவேன். எங்கள் வீட்டு மிக்ஸி மூன்று கொட்டேஷன் பார்த்து வாங்கியது. (எனக்குப் பெண் பார்க்கும் பொறுப்பை என்னிடம் விடாமல் அம்மாவே முடித்துவைத்தது பல பேர் செய்த புண்ணியம்.)

அப்படி அமைந்த மனைவி எஸ்தர், கல்லூரியில் விலங்கியல் ஆசிரியை. வேலை பார்த்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்கும் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். பாபநாசத்தில் மலையை விட்டு இறங்குவதிலிருந்து கடலில் சேர்வது வரை தாமிரபரணிக் கரையில் என்னென்ன தட்டான் பூச்சிகள் இருக்கின்றன என்பது ஆராய்ச்சி. சனிக்கிழமை விடிந்தால் கேமராவும் கையுமாக முதல் பஸ்ஸைப் பிடிப்பாள். முழங்கால் தண்ணீரில் மணிக்கணக்காக நிற்பாள். ஐந்து வருடமாக அவள் எடுத்த படங்கள் முழுவதும் ஒரு பழைய லாப்டாப்பில் இருந்தன. எழுதிய பகுதியைப் பென் டிரைவில் போட்டுவைத்திருந்தாள். படங்கள் அதில் கொள்ளாது.

ஒருநாள் அந்த லாப்டாப் ‘டக், டக்’ என்று சத்தம் போட ஆரம்பித்தது. காதை வைத்துக் கேட்டேன். உள்ளே சுற்றும் ஹார்ட் டிஸ்க்குக்கு வயதாகிவிட்டது, அதை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. ஒன்று போட்டுவிட வேண்டியதுதான் என்று அறிவித்தேன். அதில் சுற்றுகிற பாகமே கிடையாது, சத்தம் வராது, வேகமாகவும் இருக்கும் என்று விளக்கமும் சொன்னேன். எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் விஷயம் எல்லாம் என் இலாகா. அப்படியானால் நாளைக்கே வாங்கிவிடலாமா என்று எஸ்தர் கேட்டாள். விசாரித்துத்தான் வாங்க வேண்டும் என்றேன். தென்மேற்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தபோது தொடங்கிய விசாரணை அது. வடகிழக்கு மழை எட்டிப்பார்த்தபோதும் முடியவில்லை.

இடையில், யாரிடமாவது வேறொரு டிஸ்க்கை இரவல் வாங்கிப் படங்களை நகல் எடுத்து வைக்கலாமே என்று அவள் கேட்கத்தான் செய்தாள். தற்காலிக ஏற்பாடுகள்தான் கடைசியில் நிரந்தரமாகிவிடும், ஒரேயடியாக மாற்றிவிடலாம் என்று சொன்னேன். அலுவலகத்தில் இருபது வருடம் குப்பை கொட்டியவன் வாயில் வேறு என்ன வரும்?

விசாரணையில் நான் கண்டுபிடித்தவை ஏராளம். இணையத்தில் பிரியாணி விலைக்கு இரண்டு டெராபைட் என்று விற்பார்கள். உள்ளே இருப்பது சின்ன மெமரி கார்டாக இருக்கும், கொஞ்சம் நிரம்பியதும் பழைய கோப்புகள் மேலேயே புதியதை எழுதிவிடும். மலிவான டிரைவ்களில் ஒவ்வொரு செல்லிலும் நாலு பிட் வைத்துத் திணித்திருப்பார்கள், மூன்று பிட் வைத்ததுதான் நெடுநாள் உழைக்கும். தனி நினைவகம் வைத்தது, வைக்காதது என்று இரண்டு வகை உண்டு. ஆயுள் முழுக்க எவ்வளவு எழுதலாம் என்று ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கை எஸ்தரின் தட்டான்களால் வகுத்துப் பார்த்தேன். எங்கள் பேரப்பிள்ளைகள் காலம் வரை தாங்கும் என்று வந்தது. எனக்குத் திருப்தி ஏற்படவில்லை.

எல்லாச் சோதனையிலும் ஒரு டிரைவ் தேறியது. விலை குறைவு, ஐந்து வருட வாரண்டி, மூன்று பிட் வகை. அது எங்கள் சபையைச் சேர்ந்த தங்கராஜ் அண்ணாச்சியின் கம்ப்யூட்டர் கடையிலேயே இருந்தது, ஒரே ஒரு உருப்படி. எனக்காக எடுத்து வைக்கச் சொன்னேன். இரண்டு கொட்டேஷன் கையில் இருந்தது. மூன்றாவது மதுரைக் கடை ஒன்றிலிருந்து வர வேண்டும். அவர்கள் அனுப்பவில்லை. தினமும் அலுவலகம் விட்டு வரும் வழியில் அண்ணாச்சி கடையில் ஏறி, டப்பாவை வாங்கி முன்னும் பின்னும் படித்துவிட்டுத் திரும்பக் கொடுத்துவிட்டு வருவேன்.

“நீரு பொண்ணா வே பாக்குதீரு?” என்று ஒருநாள் அண்ணாச்சி கேட்டார். “டிரைவுதான. எடுத்துட்டுப் போரும்.”

திங்கட்கிழமை பார்க்கலாம் என்று சொன்னேன். எத்தனையாவது திங்கட்கிழமை என்று சொல்லவில்லை.

அறுப்பின் பண்டிகைக்கு முந்தைய நாள் லாப்டாப் திறக்க மறுத்தது. நீலத்திரை காட்டி அணைந்தது. மறுபடி போட்டோம், மறுபடி அணைந்தது. மூன்றாவது முறை ஏதோ மனம் இரங்கித் திறந்தது. எஸ்தர் அதன் மூடியை மெதுவாகச் சாத்தினாள்.

“இனி இதத் தொறக்க எனக்குப் பயமா இருக்கு,” என்றாள். “நாளைக்கு நீங்க அத வாங்குதியளா, இல்ல நான் போயி ஏதாவது ஒண்ண வாங்கட்டுமா?”

‘ஏதாவது ஒண்ண’ என்ற சொல் என்னைக் கத்தி மாதிரி குத்தியது. நாளை ஆராதனை முடிந்ததும் அண்ணாச்சியைக் கையோடு கடைக்குக் கூட்டிப்போய் வாங்கிவிடுவதாகச் சத்தியம் செய்தேன்.

அறுப்பின் பண்டிகை பற்றித் தெரியாதவர்களுக்காக நாலு வார்த்தை. அன்று ஒவ்வொருவரும் அவரவர் உழைப்பில் கிடைத்ததில் முதற்பலன் என்று ஒன்றைக் கொண்டுவந்து ஆலயத்தில் படைப்பார்கள். தோட்டம் உள்ளவர் வாழைத்தார், கோழி வளர்ப்பவர் சேவல், தையல்காரர் சட்டை. ஆராதனைக்குப் பின் வெளியே பந்தலில் அவை ஏலம் போகும். காசு ஆலயத்துக்கு. அங்கே மலிவாக வாங்குவது பெருமை இல்லை. அதிக விலை கேட்டவரைத்தான் ஊர் மெச்சும். குறைந்த விலையைத் தேடியே சம்பளம் வாங்குகிறவன் அன்றைக்குப் பந்தல் ஓரமாக ஒதுங்கி நிற்பதுதான் வழக்கம்.

அன்றும் ஓரமாகத்தான் நின்றேன். மேடையில் பூசணிக்காய்க்கும் கருப்பட்டிச் சிப்பத்துக்கும் நடுவில் எனக்கு மிகவும் பழக்கமான ஒரு சின்ன டப்பா இருந்தது. முன்பக்கம் பின்பக்கம் எல்லாம் எனக்கு மனப்பாடமான டப்பா. அண்ணாச்சியைத் தேடிப்பிடித்தேன்.

“அண்ணாச்சி, அது நான் எடுத்து வைக்கச் சொன்னதுல்லா?”

“ஆமா வே. மேசைக்குள்ள சும்மாதான கெடந்துச்சு. கடையில இருந்து முதற்பலனுக்கு எதக் கொண்டு வரன்னு பாத்தேன், இது கண்ணுல பட்டுச்சு. கர்த்தருக்கு மூணு கொட்டேஷன் தேவைப்படாதுல்லா.”

கடையில் வேறு டிரைவ் இல்லையா என்று கேட்டேன். இருந்தது. அதற்கு மூன்று வருட வாரண்டிதான். அதை வாங்கியிருந்தால் இந்தக் கட்டுரை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

ஏலம் விட்டவர் சபைச் செயலாளர். முதலில் சேவல் வந்தது. எடுத்தவரிடம் செயலாளர் மைக்கை நீட்டி, “வீட்டுக்கா, ஆலயத்துக்கா?” என்று கேட்டார். இதுவும் எங்கள் பக்கத்து முறை. வீட்டுக்கு என்றால் கொண்டுபோகலாம். ஆலயத்துக்கு என்றால் காசையும் கொடுத்து, பொருளையும் திரும்பக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அது மறுபடி ஏலத்துக்கு வரும், போன விலையிலிருந்தே தொடங்கும். சேவலை எடுத்தவர் ஆலயத்துக்கு என்றார். கைதட்டல். அடுத்து எடுத்தவரும் ஆலயத்துக்கு என்றார். கைதட்டல் கூடியது. வாழைத்தாரும் கருப்பட்டியும் அதே மாதிரி சுற்றிச் சுற்றி வந்தன. சேவல் மட்டும் ஒவ்வொரு முறையும் நம்பிக்கையோடு கழுத்தை நீட்டிப் பார்த்தது.

டிரைவ் வந்தபோது அது என்ன என்று செயலாளருக்குச் சொல்லத் தெரியவில்லை. கம்ப்யூட்டருக்குள் வைக்கிற சாமான் என்று மட்டும் சொன்னார். நான் பழக்க தோஷத்தில் கடை விலையில் பாதியைக் கேட்டேன். பந்தலில் ஒரு முணுமுணுப்பு. முன்வரிசையிலிருந்து தேவதாசன் சார் திரும்பிப் பார்த்தார். என் பள்ளித் தலைமையாசிரியர், ஓய்வு பெற்று வெகு நாளாகிறது. ஆண்டவருக்கு வந்த பொருள் கடை விலைக்குக் குறைந்து போகக் கூடாது என்பது அவர் கொள்கை. ஆகவே அவர் ஏற்றினார், நான் ஏற்றினேன். கடை விலையைத் தாண்டியதும் அவர் கௌரவமாக நிறுத்திக்கொண்டார். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். டிரைவ் எனக்கு.

இவ்வளவுதான் விஷயம். நான் மேடைக்குப் போய் டப்பாவை வாங்கிக்கொண்டு இறங்கியிருக்க வேண்டும். செயலாளர் மைக்கை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“வீட்டுக்கா, ஆலயத்துக்கா?”

நான் அதுவரை மைக்கில் பேசியதே கிடையாது. எதிரே மொத்தச் சபையும் உட்கார்ந்திருந்தது. ஐயர் (எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்போம்) என்னைப் பார்த்துப் புன்னகை செய்துகொண்டிருந்தார். எனக்கு முன்னால் மேடை ஏறிய ஒவ்வொருவரும் சொன்ன வார்த்தை காதில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு விளக்குமாற்றுக்கு மூன்று வாரம் யோசிக்கிறவன், ஒரு நொடி கூட யோசிக்காமல் சொன்னேன்.

“ஆலயத்துக்கு.”

அன்றைய கைதட்டல்களிலேயே பெரியது எனக்குத்தான். கையில் வந்த டப்பா பூசணிக்காய் பக்கத்துக்கே திரும்பிப் போயிற்று. எஸ்தர் உட்கார்ந்திருந்த பெண்கள் பக்கம் பார்க்கத் தைரியம் வராமல் இறங்கினேன். கால் தானாகப் போய்த் தேவதாசன் சாருக்குப் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியில் என்னை உட்கார வைத்தது. அதுதான் அன்றைய தினத்தின் இரண்டாவது பிழை.

சார் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. நம்மிடம் படித்த பையன் இப்படி வருவான் என்று நினைக்கவில்லை என்றார். பிறகு டப்பாவைச் சுட்டிக்காட்டிக் கேட்டார்.

“ஏலே, அது நல்ல சாமானா?”

ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும். சுமார்தான் சார், சீக்கிரம் போயிடும் என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். என்னால் முடியவில்லை. அவர் என் தலைமையாசிரியர் என்பது ஒரு காரணம். இத்தனை மாதமாக நான் சேகரித்ததை இதுவரை யாரும் கேட்டதில்லை என்பது உண்மையான காரணம். மூன்று பிட் வகை என்பதில் தொடங்கினேன். வாரண்டி, ஆயுள் கணக்கு, போலி டிரைவ்களின் சூழ்ச்சி எல்லாம் சொன்னேன். இந்த விலைக்கு இதைவிட நம்பகமான பொருள் திருநெல்வேலி ஜங்ஷன் முதல் பாளையங்கோட்டை மார்க்கெட் வரை கிடையாது என்று முடித்தேன். சார் உருக்கமாகக் கேட்டுக்கொண்டார். ஆலய அலுவலகக் கம்ப்யூட்டர் ரொம்ப நாளாகத் தகராறு செய்கிறது, இதை எடுத்து அதில் போட்டுவிடலாம் என்று சொல்லி, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இரண்டாம் ஏலத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், விவரமாக எழுத இன்னும் தெம்பு வரவில்லை. நான் ஏற்ற, சார் ஏற்றினார். அவர் மகன் வெளிநாட்டில் இருந்தான், பென்ஷனும் வந்துகொண்டிருந்தது. நான் ஏன் கொடுத்த பொருளையே கேட்கிறேன் என்பது முதலில் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு, இன்னும் அதிகமாகக் கொடுக்கத்தான் கேட்கிறான் என்று முடிவு செய்து, நான் விலையை ஏற்றிய ஒவ்வொரு முறையும் கை தட்டினார்கள். விலை கடை விலையைப் போல நாலு மடங்கு ஆயிற்று. சார் சளைக்கவில்லை. நான்தான் அவரிடம் அது நல்ல சாமான் என்று அவ்வளவு அழுத்திச் சொல்லியிருந்தேனே.

கடைசியாக ஒரு தொகையைச் சொல்லிவிட்டு மூச்சு வாங்கினேன். சார் அதற்கு மேல் கேட்க வாயெடுத்தார். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து எஸ்தர் எழுந்து நின்றாள். அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அன்றும் உயரவில்லை, ஆனால் பந்தல் முழுக்கக் கேட்டது.

“சார், அத விட்டுருங்க. என் ஆராய்ச்சிப் படமெல்லாம் அதுலதான் ஏத்தணும். பழசு இன்னைக்கோ நாளைக்கோன்னு கெடக்கு.”

சார் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “மொதல்லயே சொல்லப்படாதாலே?” என்று மட்டும் கேட்டார்.

மூணு தரம் விழுந்தது. நான் மறுபடி மேடை ஏறினேன். செயலாளர் மறுபடி மைக்கை நீட்டினார். கேள்வி முழுசாக வருவதற்குள், நான் வாயைத் திறப்பதற்குள், எஸ்தர் அங்கிருந்தே சொல்லிவிட்டாள்.

“வீட்டுக்கு.”

அதற்கும் கை தட்டினார்கள். இரண்டு ஏலத்துக்கும் சேர்த்து நான் கட்டியதில் புது லாப்டாப்பே வாங்கியிருக்கலாம், எஸ்.எஸ்.டி. உள்ளேயே இருக்கும். இதை எனக்கு எடுத்துச் சொன்னவர் தங்கராஜ் அண்ணாச்சி. நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

மறுநாள் கடையில் அண்ணாச்சி பழைய டிஸ்க்கைக் கழற்றி, படங்களை ஊர் வாரியாகப் புதியதற்கு மாற்ற ஆரம்பித்தார். நானும் எஸ்தரும் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தோம். சீவலப்பேரி ஏறியது, திருவைகுண்டம் ஏறியது, கடலோரம் வரை எல்லாம் ஏறியது. பாபநாசம் என்ற ஃபோல்டர் பாதியில் நின்றது. ‘டக்’ என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு அந்த டிஸ்க் சத்தமே போடவில்லை. அண்ணாச்சி தெரிந்த வித்தையெல்லாம் காட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

எஸ்தர் பழைய டிஸ்க்கைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை. வீடு வரும்வரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு, நான் படித்துவைத்த அத்தனையையும் தூக்கி வெளியே எறிந்துவிடலாம் போல இருந்தது. வெட்கமாக இருந்தது. அதைவிட, பயமாக இருந்தது.

அந்தப் பருவம் முழுக்கச் சனிக்கிழமைதோறும் நானும் அவளோடு பாபநாசம் போனேன். குடை பிடிப்பது, பை சுமப்பது, வழுக்கி விழுவது என் பொறுப்பு. தட்டான் ஒரு நாணலில் வந்து உட்காரும். வெளிச்சம் சரியாக இருக்கிறதா, இன்னும் கொஞ்சம் கிட்டே போகலாமா என்று நான் கேட்டு முடிப்பதற்குள் பறந்துவிடும். எஸ்தர் கேள்வி கேட்காமல் படம் எடுப்பாள். போனவற்றில் பெரும்பாலானவை திரும்பக் கிடைத்தன. ஒரே ஒரு இனம் மட்டும் கிடைக்கவில்லை. சிவப்பு வயிறும் ஊதா இறக்கையுமாக, ஐந்து வருடத்தில் அவள் ஒரே ஒருமுறை பார்த்து எடுத்த பூச்சி. அருவியடியிலும் அணைப் பக்கமும் தேடித் தேடிப் பார்த்தோம். ஆய்வேட்டில் அதன் பெயருக்கு நேரே ‘பார்த்த பதிவு மட்டும்’ என்று எழுதினாள்.

வாய்மொழித் தேர்வு பல்கலைக்கழகத்தில், எல்லோரும் வந்து உட்காரலாம். நான், எஸ்தரின் தம்பி, கல்லூரி ஆசிரியர்கள், மாணவிகள் என்று அறை நிறைந்திருந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் பொறுமையான மனிதர். நிறையப் பாராட்டினார். பிறகு பக்கத்தைப் புரட்டி ஓரிடத்தில் விரலை வைத்தார். எந்த இடம் என்று கடைசி வரிசையில் இருந்த எனக்கே தெரிந்தது. மற்ற எல்லாவற்றுக்கும் படம் இருக்கும்போது இந்த ஒன்றுக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்டார். டிஸ்க் பழுதானதில் போய்விட்டது என்றாள் எஸ்தர். சத்தம் வரும்போதே மாற்றியிருக்கலாமே என்றார் அவர்.

“மாத்தத்தான் சார் இருந்தோம். என் வீட்டுக்காரரு எது நல்லதுன்னு பாத்துக்கிட்டு இருந்தாரு.”

அறையில் லேசாகச் சிரிப்பு. தேர்வாளர் கண்ணாடிக்கு மேலாக என்னைத் தேடிப் பிடித்துவிட்டு, கடைசியில் நல்லதாக வாங்கினாரா என்று அவளிடம் கேட்டார்.

“ரெண்டு தரம் வாங்கினாரு சார்,” என்றாள் எஸ்தர். அந்தக் கதையையும் சொல்லவைத்துவிட்டார்கள். சிரிப்பு அடங்கியபின் அவள் சொன்னாள்: “இன்னைக்கும் அது நல்லா ஓடுது. அவரு தேர்ந்தெடுத்தா நல்லாத்தான் இருக்கும், வாங்கத்தான் தெரியாது.”

அன்று அவளுக்குப் பட்டம் கிடைத்தது, எனக்கு அந்த வாக்கியம். இப்போதெல்லாம் நான் பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினால், மச்சினன் அதன் இரண்டாம் பாதியைச் சத்தமாகச் சொல்லி வழியனுப்புவான். எங்கள் குழந்தைகளும் சேர்ந்துகொள்ளும். முதல் பாதியை எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை. அதை நான் தெருமுனை திரும்பும்வரை மனதுக்குள் சொல்லிக்கொண்டே நடக்கிறேன்.